ஏழாவது ட்ரிப்

நடக்கறது உடம்புக்கு நல்லதுன்னு யாராவது என்கிட்ட வந்து சொன்னா எனக்குக் கெட்ட கோபம் வரும். இப்பவே சொல்லி வெச்சுடறேன். நல்லதுதான், யாரு இல்லைங்கறா? எப்படி ஆரம்பிக்கணும், எங்க நிறுத்தணும்னு ஒரு நர்ஸம்மா என்னை எதிர்ல உக்கார வெச்சு அரை மணி நேரம் சொல்லிக் குடுத்தாங்க. அதுல ஒரே ஒரு விஷயத்தை நான் முழுங்கிட்டேன். அதைச் சொல்லத்தான் இவ்வளவும்.

நான் பஸ் கண்டக்டர். பத்தொன்பது வருஷம் ஒரே டிரைவரோட ஒரே ரூட்டுல ஓடினவன். அவரை டிப்போவுல எல்லாரும் மெத்தைன்னுதான் கூப்பிடுவாங்க. உடம்பைப் பார்த்து வெச்ச பேருன்னு புதுசா வர்றவங்க நினைச்சுப்பாங்க. இல்லவே இல்ல, அவர் ஒல்லிக்குச்சியா இருந்த காலத்துல வெச்ச பேரு அது. அவர் பிரேக் போட்டா வண்டி நின்னதே தெரியாது. நின்னுக்கிட்டு வர்றவங்க கம்பியைக்கூடப் பிடிக்காம பையைக் கட்டிக்கிட்டுத் தூங்குவாங்க. வேற டிரைவரோட ஒரு நாள் போனா போதும், எனக்கு விலாவெல்லாம் சீட்டுக் கம்பியில இடிச்சுக் கன்னிப் போயிடும்.

உடம்பு அப்புறமா வந்துச்சு. இருபத்தாறு வருஷம் ஒரு மனுஷன் உக்காந்தே இருந்தா வராம என்ன செய்யும்? சீட்டைக் கடைசிப் பல்லு வரைக்கும் பின்னாடி தள்ளினாலும் ஸ்டியரிங் வயித்துல உரசும். யூனிஃபார்ம் சட்டையில மேலேர்ந்து நாலாவது பட்டன் மாசத்துக்கு ஒண்ணு அறுந்து விழும். அண்ணி, அதான் அவர் சம்சாரம், ஒரு டப்பா நிறைய பட்டன் வாங்கி வெச்சிருந்தாங்க. "உங்கண்ணன் சம்பாதிக்கறதுல பாதி பட்டனுக்கே போகுது"ம்பாங்க. அவர் சிரிப்பாரு. சிரிச்சா சட்டை இன்னும் இழுக்கும்.

எங்க ரெண்டு பேருக்கும் ஒரு கர்வம் உண்டு. ட்ரிப் ஷீட்டுல நாலு கட்டம் இருக்கும். புறப்பட வேண்டிய நேரம், புறப்பட்ட நேரம், போய்ச் சேர்ந்த நேரம், கடைசியா ரத்துன்னு ஒண்ணு. அந்த ரத்துங்கற கட்டத்துல பத்தொன்பது வருஷத்துல என் பேனா பட்டதே இல்ல. மழை, ரோடு மறியல், டயர் பஞ்சர், என்ன வேணா வரட்டும். லேட்டா போவோம், ஆனா போவோம். கடைசி ஸ்டாப்புல எங்களுக்குப் பத்து நிமிஷம் ஓய்வு. லேட் ஆயிட்டா மெத்தை அண்ணன் அந்த ஓய்வை விட்டுடுவாரு. வேகமா ஓட்டமாட்டாரு, அது அவருக்கு ஆகாது. டீ குடிக்க இறங்காம, காலை நீட்டாம, வந்த கையோட வண்டியைத் திருப்பிடுவாரு. ரெண்டு மூணு ட்ரிப்புல போன நேரம் திரும்பி வந்துடும். அப்படியும் டைம் கீப்பர் ஜன்னல் வழியா எட்டிப் பார்த்து, "ஏன்யா லேட்டு? யாரு மேல தப்பு?"ன்னு கேட்டா, நான் வாயைத் திறக்கறதுக்குள்ள இவர் சொல்லிடுவாரு, "என் மேல எழுதிக்கோ"ன்னு. நான் டிக்கெட் குடுக்கறதுல இழுத்தடிச்சு லேட் ஆனா கூட அதேதான். "என் மேல எழுதிக்கோ."

அவருக்கு அம்பத்தி நாலு வயசு ஆகறப்ப டிப்போ கிளினிக்ல வருஷாந்திர செக்கப் வந்துச்சு. டாக்டர் அவரைப் பக்கத்துல இருந்த ஒர்க்‌ஷாப் கட்டடத்து மாடிப்படி ஏறச் சொன்னாரு. முதல் மாடியிலயே கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டு உக்காந்துட்டாரு. மூஞ்சி வேர்த்துக் கொட்டுது. பிரஷர் எகிறிக் கிடக்கு, சர்க்கரை வாசப்படி வரைக்கும் வந்து நிக்குது. டாக்டர் கத்தல, திட்டல. அதுதான் எனக்கு பயமாயிடுச்சு.

"பன்னெண்டு வாரம் தர்றேன். மாத்திரை போட்டுக்கிட்டு ஓட்டுங்க. பன்னெண்டாவது வாரம் இதே படியில மூணு மாடி நிக்காம ஏறி இறங்கணும். இறங்கி மூணு நிமிஷத்துல மூச்சு நிதானத்துக்கு வரணும். வரலைன்னா வண்டியை விட்டு இறக்கிடுவேன். உங்க முதுகுக்குப் பின்னாடி அறுபது பேர் உக்காந்திருக்காங்க."

மெத்தை அண்ணன் தலையாட்டினாரு. அந்த அறுபது பேருங்கறதை அவரால மறுக்க முடியல.

அப்புறம் நர்ஸம்மாகிட்ட அனுப்பினாங்க. கண்ணாடி போட்ட அம்மா, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி பொறுமையாச் சொன்னாங்க. எழுதறது எப்பவும் என் வேலை, அதனால நானும் கூட உக்காந்தேன். பத்து வாரத்துக்கு ஒரு கணக்குப் போட்டாங்க. முதல் வாரம் தினம் பத்து நிமிஷம், சமதரையில. ரெண்டாவது பன்னெண்டு. மூணாவது பதினஞ்சு. நாலாவதுதான் இருபது. மாடிப்படியை ஏழாவது வாரத்துக்கு முன்னாடி நினைச்சுக்கூடப் பார்க்காதீங்கன்னாங்க. நடக்கறப்ப கூட வர்றவங்களோட பேச முடியணும், பாட முடியக் கூடாது. பாட வந்தா ரொம்ப மெதுவு, பேச்சு வரலைன்னா வேகம் ஜாஸ்தி. நெஞ்சு இறுக்கினாலோ, கை வலிச்சாலோ, தலை சுத்தினாலோ அந்த இடத்துலயே நின்னுடணும், ஆளைக் கூப்பிடணும். எல்லாத்தையும் நான் எழுதிக்கிட்டேன்.

கடைசியா அவர் திரைக்குப் பின்னாடி சட்டை போடப் போனாரு. அந்த நாலாவது பட்டன் வேற கீழ விழுந்து உருண்டு போச்சு, தேடிக்கிட்டு இருந்தாரு. அப்பதான் நர்ஸம்மா சொன்னாங்க.

"முக்கியமான விஷயம். ஒரு நாள் விட்டுப் போச்சுன்னா அது போச்சு. மறுநாள் சேர்த்து வெச்சு நடக்கக் கூடாது. ஒரு வாரமே விட்டுப் போனா ஒரு வாரம் பின்னாடி போய் ஆரம்பிக்கணும். அவர்கிட்ட சொல்லிடுங்க."

"சொல்லிடறேங்க"ன்னேன். பேனாவை அதுக்குள்ள மூடிட்டேன். மூடின பேனாவை மறுபடி திறக்கறதுக்கு எனக்கு சோம்பேறித்தனம். அவ்வளவுதான், வேற காரணமே இல்ல.

இனிமே ஒழுங்கா நடப்பாருன்னு நினைச்சேன் பாருங்க, என்னைச் செருப்பால அடிக்கணும். ரெண்டு வாரம் அசையல மனுஷன். அண்ணி ஷூ வாங்கிட்டு வந்தாங்க, வெள்ளை ஷூ, அடியில பஞ்சு மாதிரி. அதைக் காலுல மாட்டிக்கிட்டு சோஃபாவுல உக்காந்து டிவி பார்த்தாராம். அண்ணி போன்ல அழுதாங்க. மறுநாள் நான் வண்டியிலயே பிடிச்சேன்.

"ஏன்ணே, பத்து நிமிஷம். ஒரு சிகரெட் பிடிக்கற நேரம்."

"நான் சிகரெட்டே பிடிக்கமாட்டேனே."

"பேச்சை மாத்தாதீங்க."

அவர் ஸ்டியரிங் மேல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டு ரோட்டையே பார்த்தாரு. "டேய், இருபத்தாறு வருஷமா ஊர்ல ஒருத்தன் நடக்கக் கூடாதுன்னுதான் நான் வண்டி ஓட்டறேன். என்னைப் போய் நடங்கறியே."

எனக்குச் சிரிப்பு வந்துச்சு. அவருக்கு வரல. அப்புறம் மெதுவாச் சொன்னாரு, "முதல் நாளே உக்காந்துட்டேன்னா என்னடா பண்றது? அன்னிக்கு மாடியில உக்காந்தேனே, கீழ நின்ன மெக்கானிக் பசங்க எல்லாம் பார்த்தாங்க."

அதான் விஷயம். சோம்பலும் இல்ல ஒண்ணும் இல்ல, வெட்கம். அம்பத்தி நாலு வயசுல தோத்துப் போறதை நாலு பேர் பார்க்கறதைவிட வீட்டுல உக்காந்து தோக்கறது மேல்னு இருந்திருக்காரு.

அன்னிக்கு வீட்டுக்குப் போய் யோசிச்சேன். எனக்கும் மூளைன்னு ஒண்ணு இருக்குன்னு காட்டிக்க ஆசை. நல்ல வெள்ளைத்தாளை எடுத்து ஸ்கேல் வெச்சுக் கோடு போட்டேன். ட்ரிப் ஷீட். மேல நடை சர்வீஸ்னு எழுதினேன். புறப்படும் இடம் டிப்போ டீசல் பங்க், போய்ச் சேரும் இடம் வண்டி கழுவற மேடை, சுத்தி வர்ற தூரம் இவ்வளவு, ஓடும் நேரம் பத்து நிமிஷம். புறப்பட வேண்டிய நேரம், புறப்பட்ட நேரம், சேர்ந்த நேரம்னு மூணு கட்டம் போட்டேன். ரத்துங்கற கட்டத்தைப் போடல. எங்களுக்கு எதுக்கு அது?

மறுநாள் டூட்டி முடிஞ்சு சாயங்காலம் அஞ்சு மணிக்கு அவர் கையில அதைக் குடுத்தேன். ரெண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தாரு.

"என்னடா இது?"

"டூட்டிண்ணே. அஞ்சு பத்துக்கு வண்டி எடுக்கணும். லேட் ஆக்காதீங்க."

டீசல் பங்க் பக்கத்துல ஒரு காலி டிரம் கிடந்துச்சு. அதுல ரெண்டு தட்டு தட்டினேன், வண்டிக்குள்ள தட்டற மாதிரி. "ரைட்!"

சொன்னா நம்பமாட்டீங்க, கால் தானா நகர்ந்துச்சு. டாக்டர் சொல்லி நகராத மனுஷன், பொண்டாட்டி அழுது நகராத மனுஷன், என் தகர டிரம்முக்கு நகர்ந்தாரு. பத்து நிமிஷத்துல கழுவற மேடைக்குப் போய் நின்னு, சட்டையெல்லாம் நனைஞ்சு, "எத்தனைடா?"ன்னாரு. "அஞ்சு இருபது. கரெக்ட் டைம்." சேர்ந்த நேரத்தை அவரே என் பேனாவைப் பிடுங்கி எழுதினாரு. அன்னிக்கு எனக்கு இருந்த பெருமை கொஞ்சநஞ்சம் இல்ல.

நர்ஸம்மா கணக்குல நாலாவது வாரம் முடியற வரைக்கும் நடந்தோம். பேசிக்கிட்டே நடக்கணும்னு சட்டம் இருக்கே, அதனால பேசினாரு. பத்தொன்பது வருஷமா வண்டி ஓட்டறப்ப வாயே திறக்காதவரு. ரோட்டுல கண்ணு இருக்கணும்பாரு. இப்ப ரோடு இல்ல, எதிர்ல வண்டி இல்ல, வாய் ஓயல. முதல் முதலா பஸ் எடுத்தப்ப கை நடுங்கினது, ஒரு மழை நாள்ல கர்ப்பிணிப் பொண்ணை அலுங்காம ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் கொண்டு போய் விட்டது, எல்லாம் சொன்னாரு. ஒரு நாள் நடுவுல நின்னுட்டாரு. நெஞ்சுதானோன்னு அவர் கையைப் பிடிச்சேன்.

"மூச்சு நல்லாத்தான் இருக்கு"ன்னாரு. "இல்லடா, என்னை இறக்கிட்டா நான் பாசஞ்சரா உக்காரணும் இல்ல? எனக்குப் பின்னாடி உக்காரத் தெரியாதுடா. எங்க பார்க்கறதுன்னே தெரியாது."

"யாரும் இறக்கமாட்டாங்கண்ணே, நடங்க"ன்னு சொன்னேன்.

அந்த மாசம் அண்ணி என்னை வீட்டுக்குக் கூப்பிட்டு டப்பாவைத் திறந்து காட்டினாங்க. "தம்பி, இந்த மாசம் ஒரு பட்டன்கூட தைக்கல"ன்னாங்க. மெத்தை அண்ணன் பக்கத்துல நின்னு நாலாவது பட்டனை இழுத்து இழுத்துக் காட்டினாரு. நூல் அப்படியே இருந்துச்சு. மூணு பேரும் அதைப் பார்த்துச் சிரிச்சோம். அந்த ஒரு மணி நேரம்தான், அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் அப்படிச் சிரிச்சதில்ல.

அடுத்த வாரம் டிப்போவுல காய்ச்சல் பரவுச்சு. நாலு டிரைவருங்க ஒண்ணாப் படுத்துட்டாங்க. எங்களுக்கு ஆறு நாள் இரட்டை டூட்டி. விடியறதுக்கு முன்னாடி வண்டி எடுத்தா கடைசி பஸ் உள்ள வர்ற வரைக்கும் ஓட்டம். நடக்க எங்க நேரம்? வண்டியை விட்டு இறங்கறப்ப அவருக்குக் கால் ரெண்டும் வீங்கி இருக்கும். ஆறு கட்டம் காலி. தினமும் அந்த ஷீட்டை சட்டைப் பையிலேர்ந்து எடுத்துப் பார்ப்பாரு, மடிச்சு வெச்சுப்பாரு. பல்லுல ஏதோ மாட்டின மாதிரி முகம்.

"கணக்குப் பார்த்தியா? ரெண்டு வாரம் முன்னாடியே வீணாப் போச்சு. மீதி இருக்கற வாரம் நர்ஸம்மா கணக்குக்குச் சரியா இருக்கு, ஒரு நாள் உபரி இல்ல. இப்ப ஆறு நாள் போச்சு. எங்கேர்ந்துடா எடுக்கறது?"

இப்ப சொல்லியிருக்கணும். நர்ஸம்மா சொன்னது என் நாக்கு நுனியில இருந்திருக்கணும். சத்தியமா சொல்றேன், ஞாபகமே வரல. எனக்கு வந்ததெல்லாம் நக்கல்தான். களைப்புல இருந்தேன், அவரைச் சிரிக்க வைக்கலாம்னு நினைச்சேன்.

"ஆறு இருபது நூத்தி இருபது. என்னண்ணே, ரெண்டு மணி நேரம் லேட்டு! ஸ்டாப்புல நிக்கறவன் எல்லாம் கல்லை எடுத்துக்கிட்டு நிக்கறான்."

அவர் சிரிக்கல. "ம்"னாரு. ஷீட்டை மடிச்சு உள்ள வெச்சாரு.

ஏழாவது நாள் எங்களுக்கு லீவு. நான் வீட்டுல ஒரு வாரத்துத் துணியை ஊற வெச்சு அடிச்சுத் துவைச்சுக்கிட்டு இருந்தேன். பத்து மணி சுமாருக்கு டைம் கீப்பர் போன் பண்ணினாரு. எப்பவும் எரிஞ்சு விழற ஆளு, அன்னிக்குக் குரல் வேற மாதிரி இருந்துச்சு. "உங்க டிரைவர் கழுவற மேடைகிட்ட விழுந்து கிடக்காரு. ஆம்புலன்ஸ் வந்துடுச்சு. நீ நேரா ஆஸ்பத்திரிக்குப் போ."

சோப்புக் கையோட ஓடினேன். ஐயோ, நான் எப்படிப் போனேன்னு எனக்கே தெரியாது. அவரை உள்ள கொண்டு போயிட்டாங்க. வெளிய ஒரு பிளாஸ்டிக் பையில அவர் சட்டை, வெள்ளை ஷூ, செல்போன், அப்புறம் அந்த ஷீட். அதை எடுத்துப் பார்த்தேன்.

அவர் கையெழுத்து. ஏழு நாற்பது புறப்பாடு, எட்டு மணி சேர்ந்தாச்சு. எட்டு மணி புறப்பாடு, எட்டு இருபது சேர்ந்தாச்சு. எட்டு இருபது புறப்பாடு. நடுவுல ஒரு நிமிஷம் இல்ல. கடைசி ஸ்டாப்புல ஓய்வை விட்டுட்டு வண்டியைத் திருப்புவாரே, அதே மாதிரி. போன ஆறு நாளுக்கு ஆறு, அன்னிக்கு உள்ளது ஒண்ணு. ஏழாவது ட்ரிப், புறப்பாடு ஒன்பது நாற்பது. சேர்ந்த நேரம் எழுதல.

வெயில்ல நூத்தி இருபது நிமிஷத்துக்கு மேல நடந்திருக்காரு. பக்கத்துல பேச ஆள் இல்ல. பேச்சு வருதா வரலையான்னு பார்க்கறதுக்கு யாரு இருந்தா? ஆறாவது ட்ரிப்லயே நெஞ்சைத் தடவிக்கிட்டு நடந்தாருன்னு மெக்கானிக் ஒருத்தர் அப்புறம் சொன்னாரு. "உக்காருங்கண்ணே"ன்னு அவர் கூப்பிட்டதுக்கு, "ஒரு ட்ரிப்தான் பாக்கி, முடிச்சுட்டு வர்றேன்"னாராம்.

நெஞ்சுல அடைப்பு. பிழைச்சுட்டாரு. ஆனா பாதி நெஞ்சுதான் வேலை செய்யுதுன்னு டாக்டருங்க சொன்னாங்க, இனிமே கனரக வண்டின்னு பேச்சே எடுக்காதீங்கன்னாங்க.

மறுநாள் கிளினிக் நர்ஸம்மா ஆஸ்பத்திரிக்கே வந்துட்டாங்க. அண்ணி பக்கத்துல நின்னாங்க. நர்ஸம்மா என்னைப் பார்த்துக் கேட்டாங்க, "சேர்த்து வெச்சு நடக்கக் கூடாதுன்னு சொல்லச் சொன்னேனே, சொன்னீங்களா?"

என் வாய் என்ன சொல்லுச்சு தெரியுமா? "சொன்னேங்க. அவர்தான் கேக்கல."

இதுல யோசிச்சுச் சொன்னதுன்னு எதுவும் இல்ல. கை சூடு பட்டா இழுத்துக்குமே, அப்படி வந்துச்சு. வந்தது வந்துடுச்சு, திரும்ப எடுக்க எனக்கு தைரியம் இல்ல. நர்ஸம்மா பெருமூச்சு விட்டுட்டுப் போயிட்டாங்க. அண்ணி புடவைத் தலைப்பை வாயில அடைச்சுக்கிட்டு அழுதாங்க.

பதினாறு நாள் கழிச்சு வீட்டுக்கு வந்தாரு. தெருவைப் பார்த்த ஜன்னல் பக்கம் இரும்புக் கட்டிலைப் போட்டிருந்தாங்க. எதிர் சுவர் ஆணியில யூனிஃபார்ம் சட்டை தொங்குச்சு, நாலாவது பட்டன் கெட்டியா. ஆஸ்பத்திரியில புதுசா ஒரு கணக்குக் குடுத்திருந்தாங்க: வீட்டுக்குள்ளயே, சுவரைப் பிடிச்சுக்கிட்டு, காலையில மூணு நிமிஷம், சாயங்காலம் மூணு நிமிஷம். நடந்தாத்தான் மீதி நெஞ்சாவது நிக்கும், படுத்தே இருந்தா அதுவும் போயிடும்னு சொல்லி அனுப்பியிருந்தாங்க. அவர் எழுந்திருக்கவே இல்ல. பாத்ரூம் போறதோட சரி.

நான் போன அன்னிக்கு அண்ணி என் முன்னாடியே அவரைப் பிடிச்சுக்கிட்டாங்க. இத்தனை நாள் அடக்கி வெச்சது.

"தம்பி தலைபாடா அடிச்சுக்கிட்டாரே, சேர்த்து வெச்சு நடக்காதீங்கன்னு! கேட்டீங்களா? ஒருத்தர் பேச்சைக் கேட்டீங்களா? அப்பவும் வீம்பு, இப்பவும் வீம்பு. நான் எங்க போய் முட்டிக்கறது?"

அவர் மெதுவா முகத்தைத் திருப்பி என்னைப் பார்த்தாரு. நான் தரையைப் பார்த்தேன். தரையில டைல்ஸ் ஒண்ணு விரிஞ்சிருந்துச்சு, அதையே பார்த்தேன். ஜன்னலுக்கு வெளிய ஒரு பஸ் போச்சு, எங்க ரூட் பஸ்ஸே.

"ஆமா"ன்னாரு. "அவன் சொன்னான். நான்தான் கேக்கல. என் மேல எழுதிக்கோ."

"எழுதறதுக்கு இனிமே என்ன இருக்கு?"ன்னு சொல்லிட்டு அண்ணி கண்ணைத் துடைச்சுக்கிட்டு டீ போட உள்ள போயிட்டாங்க.

நான் கட்டில் பக்கம் ஸ்டூலை இழுத்துப் போட்டேன்.

"அண்ணே, நான் சொல்லல."

"தெரியுமேடா. சொல்லியிருந்தா எனக்கு ஞாபகம் இருக்காதா?"

"அப்ப ஏண்ணே அப்படிச் சொன்னீங்க?"

"இவளுக்குத் தெரிஞ்சா உன்னை வாசப்படி ஏற விடமாட்டா. அப்புறம் எனக்கு யாருடா வருவா?"

அவர் என்னைத் திட்டியிருக்கலாம். ரெண்டு அறை விட்டிருக்கலாம், குனிஞ்சு வாங்கியிருப்பேன். நான் வாயை மூடிக்கிட்டு வந்திருக்கணும். ஆனா எனக்கு ஆறுதல் வேணும் பாருங்க, கேட்டேன்.

"சொல்லியிருந்தா மட்டும் நீங்க நின்னிருப்பீங்களாண்ணே?"

மாட்டேன்டான்னு சொல்லுவாருன்னு பார்த்தேன். அவர் நிஜமாவே யோசிச்சாரு. நெத்தி சுருங்கிச்சு.

"நின்னிருப்பேன்டா. நீ எழுதினதைத்தானே நான் என்னிக்கும் ஓட்டினேன்."

சமையக்கட்டுல டம்ளர் சத்தம் கேட்டுச்சு. அவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டே கேட்டாரு, "நம்ம வண்டியை இப்ப யாரு எடுக்கறா?"

"புதுப் பையன் ஒருத்தன்ணே. பிரேக் மேல ஏறி நிக்கறான், வண்டியே குலுங்குது."

"சீட்டை முன்னாடி இழுத்துட்டானா?"

"ஆமாண்ணே."

"எத்தனை பல்லு?"

"நாலு."

கண்ணை மூடிக்கிட்டாரு. அண்ணி கொண்டு வந்த டீ ஆறிப் போச்சு.

டிப்போவுலேர்ந்து கடிதம் வந்துடுச்சு. உடம்பு தேறினதும் கேட்ல உக்காந்து வண்டி உள்ள வர்ற நேரம், வெளிய போற நேரம் எழுதற வேலை தர்றோம்னு. அவர் அதைப் படிச்சுக்கூடப் பார்க்கல. அண்ணி என்னை வாசல்ல நிறுத்தி வெச்சுக் கெஞ்சினாங்க. "தம்பி, அப்ப ஒரு தாள் போட்டுக் குடுத்தீங்களே, அதுக்குத்தான் எழுந்தாரு. இன்னொண்ணு போட்டுக் குடுங்க. நீங்க சொன்னா கேப்பாரு. நீங்க சொல்லியும் கேக்காம ஒரு தடவை கெட்டுப் போனாரு, இந்தத் தடவை கேப்பாரு."

அந்த அம்மா என்னைக் கும்பிட்டது எனக்கு எப்படி இருந்துச்சுன்னு கேக்காதீங்க. பூமி பிளந்து உள்ள போயிடமாட்டோமான்னு இருந்துச்சு. அப்பவும் உண்மையைச் சொல்லல. அண்ணிக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியாது.

தாள் போட்டேன். கட்டிலேர்ந்து சமையக்கட்டு வாசல் வரைக்கும், ஓடும் நேரம் மூணு நிமிஷம். இந்தத் தடவை நாலு கட்டம். கடைசிக் கட்டத்துக்கு மேல ரத்துன்னு எழுதினேன். அதுக்குக் கீழ, நர்ஸம்மா சொன்னதை ஒரு எழுத்து விடாம எழுதினேன்: விட்டுப் போனது போச்சு, சேர்த்து நடக்க வேண்டாம். அவர் அதை வாங்கிப் படிச்சாரு. ரெண்டு தடவை படிச்சாரு. "நல்லா எழுதியிருக்கே"ன்னு திருப்பிக் குடுத்துட்டாரு.

"புறப்படலாமாண்ணே?"

"எங்கடா?"

இப்ப தினமும் டூட்டி முடிஞ்சு சாயங்காலம் அவர் வீட்டுக்குப் போறேன். ஸ்டூல்ல உக்கார்றேன். அஞ்சு பத்துக்குக் கட்டில் கம்பியில ரெண்டு தட்டு தட்டி "ரைட்"ங்கறேன். அவர் ஜன்னலைப் பார்த்துக்கிட்டு இருப்பாரு. மூணு நிமிஷம் பார்ப்பேன். அப்புறம் பேனாவைத் திறந்து அந்தக் கடைசிக் கட்டத்துல ரத்துன்னு எழுதிட்டு வீட்டுக்கு வந்துடுவேன். மேலேர்ந்து கீழ வரைக்கும் தாள் முழுக்க இப்ப அந்த ஒரு வார்த்தைதான் இருக்கு, என் கையெழுத்துல. எத்தனை நாளாச்சுன்னு அண்ணி கேக்கறாங்க. நான் அதைக் கூட்டறதில்ல.